கணினி விளையாட்டுகளில் ஒளியமைப்பு மோட்கள்

கணினி விளையாட்டு ஒன்று வெளிவந்த பின்னர், அதில் வெளிச்சமும் நிழலும் தோன்றும் விதத்தை மாற்றுவதற்காக உருவாக்கப்படும் கூடுதல் கோப்புகள் ஒளியமைப்பு மோட்கள் எனப்படுகின்றன. மாற்றியமைத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே 'மோட்'. பெரும்பாலான மோட்களை விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் அல்லாமல், அதை விளையாடும் ஆர்வலர்களே எழுதி இலவசமாக வழங்குகிறார்கள்.

ஒளியமைப்பு மோட் பொதுவாக விளையாட்டில் புதிய கட்டடத்தையோ மரத்தையோ சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பொருள்களின் மீது ஒளி எப்படி விழுகிறது என்பதையே மாற்றுகிறது. அப்படியிருந்தும் படம் அடியோடு மாறியதுபோல் தோன்றுகிறது. ஒரு பொருளின் வடிவத்தையும் தொலைவையும் நம் கண் அதன் மீதுள்ள ஒளி, நிழல் வேறுபாட்டைக் கொண்டே பெருமளவு அறிகிறது என்பதே இதற்குக் காரணம். தாளில் வரைந்த வட்டத்தின் ஒரு பக்கத்தில் பென்சிலால் நிழல் தீட்டினால் அது பந்தாகத் தெரிவதை நினைத்துப் பார்க்கலாம்.

இம்மோட்கள் எவ்வாறு வேலை செய்கின்றன, ஒவ்வொரு வகையாலும் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஒளியை மாற்றினால் விளையாட்டில் வேறு என்னென்ன மாறும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒளியைக் கணக்கிடுதல்

கணினி விளையாட்டில் உண்மையான விளக்கோ சூரியனோ இல்லை. திரையில் உள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம் என்பதை எண்களாகக் கணக்கிட்டே படம் உருவாகிறது. இக்கணக்குகளுக்கு அடிப்படையான இரண்டு விதிகள் பள்ளி இயற்பியலில் உள்ளவையே.

முதலாவது, சாய்வு பற்றிய விதி. ஒளி ஒரு பரப்பின் மீது செங்குத்தாக விழும்போது முழு வெளிச்சம் கிடைக்கும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து விழுந்தால் வெளிச்சம் பாதியாகிவிடும், ஏனெனில் 60 பாகையின் கொசைன் மதிப்பு 0.5. இதை லாம்பெர்ட் என்னும் அறிஞர் 1760ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். இரண்டாவது, தொலைவு பற்றிய எதிர்விகித வர்க்க விதி. விளக்கிலிருந்து உள்ள தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும்.

இவை விளக்கிலிருந்து நேராக வந்து விழும் ஒளிக்கான கணக்குகள். ஆனால் நாம் காணும் வெளிச்சத்தில் பெரும்பகுதி நேராக வருவதில்லை. பகலில் சன்னல் வழியாக வெயில் தரையில் ஒரு கட்டம்போல விழுகிறது. அந்தக் கட்டத்துக்கு வெளியே வெயில் இல்லை என்றாலும் அறை முழுவதும் நமக்குத் தெரிகிறது. தரையில் பட்ட ஒளி சுவருக்கும், சுவரில் பட்ட ஒளி கூரைக்கும், அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் சிதறிச் செல்வதுதான் காரணம். தரையில் சிவப்பு ஆக்சைடு பூசியிருந்தால் வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியிலும் மெல்லிய சிவப்புச் சாயல் படிந்திருக்கும். இவ்வாறு பட்டுத் தெறித்து வரும் ஒளி மறைமுக ஒளி எனப்படுகிறது.

நேர் ஒளியையும் மறைமுக ஒளியையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டியவர் ஜேம்ஸ் கஜியா. 1986இல் அவர் வெளியிட்ட அச்சமன்பாடு இன்றும் கணினி வரைகலையின் அடித்தளமாக இருக்கிறது. ஆக, ஒளியைச் சரியாகக் கணக்கிடும் வழி நெடுங்காலமாகவே தெரியும். இல்லாதது நேரம்தான்.

ஒரு விளையாட்டு நொடிக்கு 60 படங்களைக் காட்ட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. அவ்வளவுக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் நிறம் முடிவாக வேண்டும். எனவே விளையாட்டுகளின் ஒளியமைப்பு என்பது எதைக் கணக்கிடுவது, எதை விட்டுவிடுவது, எதைத் தோராயமாகக் காட்டிச் சமாளிப்பது என்ற தேர்வுகளின் தொகுப்பாகவே இருந்துவருகிறது. ஒளியமைப்பு மோட் என்பது அந்தத் தேர்வுகளில் சிலவற்றை மாற்றிப் பார்ப்பது.

முன்பே கணக்கிட்டு வைக்கும் ஒளி

நேரப் பற்றாக்குறையைச் சமாளிக்க மிகவும் பயன்பட்ட வழி, ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்து வைப்பது. இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'குவேக்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்விளையாட்டின் சுவர்களிலும் தரைகளிலும் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பது விளையாட்டு உருவாக்கப்பட்டபோதே கணக்கிடப்பட்டு, 'லைட்மேப்' எனப்படும் சிறு படங்களாகச் சேமிக்கப்பட்டது. விளையாடும்போது கணினி செய்ய வேண்டியது, சுவரின் நிறத்தை அந்த லைட்மேப்பின் மதிப்பால் பெருக்குவது மட்டுமே. இவ்வாறு சேமித்து வைப்பதை ஒளியைச் 'சுட்டு வைத்தல்' என்று துறையில் சொல்கிறார்கள்.

1997இல் வந்த 'குவேக் 2' இன்னொரு படி முன்னேறியது. சுவருக்குச் சுவர் தெறிக்கும் மறைமுக ஒளியையும் முன்பே கணக்கிட்டு லைட்மேப்பில் சேர்த்துக்கொண்டது. அன்றைய கணினிகளில் அந்த அறைகள் அவ்வளவு நம்பத்தகுந்தவையாகத் தெரிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

இம்முறையின் குறையும் இங்கேயே இருக்கிறது. சுட்டு வைத்த ஒளி அசையாது. கதவு திறந்தாலும் வெளி வெயில் உள்ளே வராது. பெட்டியை நகர்த்தினாலும் சுவரில் முன்பே பதிந்த நிழல் நகராது. லைட்மேப்பின் நுணுக்கமும் குறைவு. குவேக்கில் சுவர்ப் படத்தின் நீள, அகலத்தில் 16 புள்ளிகளுக்கு ஒன்று வீதமே ஒளி மதிப்பு வைக்கப்பட்டது. அதனால் நிழல்களின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மங்கலாகத் தெரியும். பழைய விளையாட்டுகளுக்கு ஒளியமைப்பு மோட் எழுதுபவர்கள் தீர்க்க முயல்வது பெரும்பாலும் இக்குறைகளைத்தான்.

மூன்று வகை மோட்கள்

ஒளியமைப்பு மோட்களை, படம் உருவாகும் வழியில் அவை எந்த இடத்தில் கைவைக்கின்றன என்பதைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம். எந்த வகை என்று தெரிந்துகொண்டால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

1. விளக்குகளை மாற்றும் மோட்கள்

இவை விளையாட்டின் தரவுகளை மட்டும் திருத்துகின்றன. எந்த அறையில் எத்தனை விளக்குகள், எந்த இடத்தில், என்ன நிறத்தில், எவ்வளவு தூரம் எட்டும் என்ற விவரங்கள் மாறுகின்றன. படத்தை வரையும் நிரல் மாறுவதில்லை.

பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கு இத்தகைய மோட்கள் ஏராளம். 2012 பிப்ரவரியில் அந்நிறுவனமே 'கிரியேஷன் கிட்' என்ற கருவியை வெளியிட்டதால், ஆர்வலர்கள் விளையாட்டின் அறைகளைத் திறந்து விளக்குகளை நகர்த்த முடிந்தது. நேரமிச்சம் கருதிப் பல விளையாட்டுகளில் எல்லா விளக்குகளுக்கும் நிழல் தரும் திறன் கொடுக்கப்படுவதில்லை. நிழல் தராத விளக்கின் ஒளி சுவரையும் ஊடுருவி அடுத்த அறையில் விழும். மேலும், அறையில் விளக்கே இல்லாத மூலையில் காரணமில்லாமல் வெளிச்சம் இருக்கும். 'என்ஹான்ஸ்டு லைட்ஸ் அண்டு எஃப்எக்ஸ்' போன்ற மோட்கள் ஒளி வரும் இடத்தைக் கண்ணுக்குத் தெரியும் மெழுகுவர்த்தி, அடுப்பு, சன்னல் ஆகியவற்றோடு பொருத்தி வைத்தன.

நிறமும் இதில் சேரும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவில் குறிப்பிடுவார்கள். மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின், உச்சிவெயில் சுமார் 5,500 கெல்வின். சுடரொளி மஞ்சளாகவும் சன்னல் வழி வரும் வானொளி நீலம் கலந்தும் இருந்தால், ஒரே அறையில் இரண்டும் சந்திக்கும் இடம் இயல்பாகத் தெரியும்.

இவ்வகை மோட்கள் கணினிக்குத் தரும் சுமை பெரும்பாலும் குறைவு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியிலும் முயன்று பார்க்கத் தக்கவை. நிழல் தரும் விளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மோட்களில் மட்டும் வேகம் குறையும்.

2. வரைந்து முடித்த படத்தைத் திருத்தும் மோட்கள்

இவை விளையாட்டு வரைந்து முடித்த படத்தை வாங்கி, திரைக்கு அனுப்பும் முன் அதன்மேல் வேலை செய்கின்றன. 'ரீஷேட்' என்னும் திறமூலக் கருவி இவ்வகையில் பரவலாகப் பயன்படுகிறது. நிறத்தைச் சரிசெய்தல், மங்கலைக் குறைத்தல், பிரகாசமான பகுதியைச் சுற்றி ஒளிவட்டம் சேர்த்தல் ஆகியன எளிய வேலைகள்.

சற்றுக் கடினமான வேலை, பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நிழலைச் சேர்ப்பது. அலமாரியின் அடியிலும் சுவரும் தரையும் கூடும் மூலையிலும் ஒளி குறைவாகவே நுழையும். இதை முடிந்த படத்திலிருந்தே தோராயமாகக் கணக்கிடும் முறையை 2007இல் வந்த 'கிரைசிஸ்' விளையாட்டு பிரபலமாக்கியது. ஒவ்வொரு பிக்சலும் பார்வையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்ற பட்டியலை விளையாட்டு வைத்திருக்கும். அந்த ஆழப் பட்டியலைப் படித்து, சுற்றியுள்ள புள்ளிகள் முன்னால் நீண்டிருந்தால் அந்த இடத்தை இருட்டாக்குவதே இம்முறை.

இவ்வகைக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்ட வழியில்லை. திரையில் தெரியாததை இம்மோட் அறியாது. முதுகுப்பக்கம் எரியும் நெருப்பின் ஒளி முன்னால் உள்ள சுவரில் விழ வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஒரு தூண் திரையின் ஓரத்தைக் கடந்து மறைந்தால், குளத்தில் தெரிந்த அதன் பிம்பமும் திடீரென மறைந்துவிடும். படம் பளபளப்பாகத் தெரிந்தும் நகரும்போது ஏதோ ஒட்டாததுபோல் தோன்றினால், காரணம் இதுவாக இருக்கலாம்.

3. வரையும் முறையையே மாற்றும் மோட்கள்

இவை 'ஷேடர்' எனப்படும் வரைகலைச் சிறுநிரல்களையோ, படத்தை வரையும் எஞ்சினையோ முழுவதுமாக மாற்றுகின்றன. மூன்றிலும் அதிக வேலையும் அதிக மாற்றமும் கொண்டவை இவையே. அடுத்து வரும் மைன்கிராஃப்ட், குவேக் 2 ஆகிய இரண்டும் இவ்வகைக்கான எடுத்துக்காட்டுகள்.

போரிஸ் வொரொன்ட்சோவ் உருவாக்கிய 'ஈ.என்.பி. சீரிஸ்' இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு இடைப்பட்டது. அது விளையாட்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நடுவே அமர்ந்து, விளையாட்டு அனுப்பும் கட்டளைகளில் சிலவற்றை மாற்றி அனுப்புகிறது.

மைன்கிராஃப்ட்: இரண்டு வெளிச்சங்கள்

2011 நவம்பரில் முழுமையாக வெளியான 'மைன்கிராஃப்ட்' உலகம் கனசதுரக் கட்டைகளால் ஆனது. அதில் ஒளியும் கட்டைக் கணக்கில்தான் பரவுகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் 0 முதல் 15 வரை ஓர் ஒளி எண் உண்டு. தீப்பந்தத்தின் எண் 14. அதை அடுத்த கட்டையில் 13, அதற்கடுத்து 12 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து, 14 கட்டைகள் தள்ளி 0 ஆகிறது. கூட்டல் கழித்தல் மட்டுமே தெரிந்தால் போதும், வர்க்கமோ கொசைனோ தேவையில்லை. மூலைவிட்டமாகச் செல்ல இரண்டு படிகள் ஆவதால், சமதளத்தில் தீப்பந்தத்தின் வெளிச்சம் வட்டமாக இல்லாமல் சாய்சதுர வடிவில் பரவுவதைக் கவனிக்கலாம்.

ஜாவா பதிப்புக்கு ஆர்வலர்கள் எழுதிய ஷேடர் தொகுப்புகள் இக்காட்சியை முற்றிலும் மாற்றின. 'ஆப்டிஃபைன்' அல்லது 'ஐரிஸ்' என்ற மோட்டை நிறுவி, அதன்மேல் விரும்பிய தொகுப்பைச் சேர்ப்பது வழக்கம். இவற்றில் பெரும்பாலானவை சூரிய நிழலுக்கு, லான்ஸ் வில்லியம்ஸ் 1978இல் வெளியிட்ட நிழல் வரைபட முறையைக் கையாளுகின்றன. முதலில் சூரியன் இருக்கும் இடத்திலிருந்து உலகைப் பார்ப்பதுபோல் ஒருமுறை வரைந்து, எது எவ்வளவு தொலைவில் உள்ளது என்று குறித்துக்கொள்வார்கள். பின்னர் நம் பார்வையிலிருந்து வரையும்போது, ஓர் இடம் சூரியனுக்குத் தெரிந்ததா, வேறொன்று மறைத்ததா என்று ஒப்பிட்டு நிழலை முடிவு செய்வார்கள். உலகை இரண்டு முறை வரைய வேண்டியிருப்பதால் கணினியின் சுமை கூடுகிறது. அதற்குப் பலனாக மரநிழல் தரையில் நகர்கிறது, நீரில் வானம் தெரிகிறது, காலையில் பனிமூட்டத்தினூடே கதிர்கள் இறங்குகின்றன.

இங்கே விளையாடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மைன்கிராஃப்ட்டில் ஒளி எண் அழகுக்காக மட்டும் வைக்கப்படவில்லை. இருட்டில் அரக்க உயிர்கள் தோன்றும் என்பது விளையாட்டின் விதி. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்புக்கு முன் ஒளி எண் 7 அல்லது அதற்குக் கீழ் உள்ள இடங்களில் அவை பொதுவாகத் தோன்ற முடிந்தது. அப்பதிப்பிலிருந்து மேல் உலகில், விளக்கொளி 0 ஆக உள்ள இருண்ட இடங்களில் மட்டுமே தோன்றுகின்றன. இவ்விதி பார்ப்பது உள்ளே உள்ள எண்ணைத்தான், திரையில் தெரியும் வெளிச்சத்தை அல்ல.

ஷேடர் தொகுப்பு அந்த எண்ணைத் தொடுவதில்லை. எனவே திரையில் கும்மிருட்டாகத் தெரியும் குகை, விதிப்படி பாதுகாப்பான இடமாக இருக்கலாம். இதற்கு நேர்மாறான நிலை ஆபத்தானது. ஆப்டிஃபைனில் உள்ள ஒரு வசதி, கையில் பிடித்த தீப்பந்தம் சுற்றிலும் வெளிச்சம் தருவதுபோல் காட்டும். அது காட்சி மட்டுமே. தீப்பந்தத்தைத் தரையிலோ சுவரிலோ நட்டு வைத்தால்தான் எண் மாறும். வெளிச்சம் இருக்கிறதே என்று நம்பி நின்றால் பின்னால் ஆபத்து வந்து நிற்கும்.

மைன்கிராஃப்ட் நிறுவனமே 2025 ஜூனில் பெட்ராக் பதிப்புக்கு 'வைப்ரன்ட் விஷுவல்ஸ்' என்ற புதிய ஒளியமைப்பை வெளியிட்டது. திசையறிந்து விழும் நிழல், நீரில் பிரதிபலிப்பு, ஒளி ஊடுருவும் மூடுபனி ஆகியவை அதில் உண்டு. அதுவும் காட்சியை மட்டுமே மாற்றுகிறது, விளையாட்டு விதிகளை மாற்றவில்லை. ஆர்வலர்கள் பல ஆண்டுகள் செய்துவந்ததை நிறுவனம் பின்னர் தானே செய்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

குவேக் 2: ஒளிக்கதிரைப் பின்தொடர்தல்

இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 2001 டிசம்பரில் குவேக் 2 விளையாட்டின் மூல நிரலை ஜி.பி.எல். என்னும் திறமூல உரிமத்தின் கீழ் வெளியிட்டது. யாரும் அதைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமத்தில் பகிரலாம். இந்த அனுமதி இல்லாதிருந்தால் பின்னர் நடந்தது நடந்திருக்காது.

2019 ஜனவரியில் கிறிஸ்டோஃப் ஷீட் என்னும் ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும், குவேக் 2 விளையாட்டில் சுட்டு வைத்த லைட்மேப்களை ஒதுக்கிவிட்டு, ஒளி முழுவதையும் விளையாடும் நேரத்திலேயே கணக்கிடும் பதிப்பை வெளியிட்டனர். அதைத் தொடர்ந்து என்விடியா நிறுவனம் 2019 ஜூன் 6 அன்று 'குவேக் 2 ஆர்.டி.எக்ஸ்' என்ற விரிவாக்கப்பட்ட பதிப்பை மூல நிரலோடு வெளியிட்டது.

இவற்றில் பயன்படும் முறை 'பாத் டிரேசிங்' எனப்படுகிறது. கண்ணிலிருந்து ஒரு பிக்சல் வழியாக ஒரு கதிரை அனுப்பி, அது எந்தப் பரப்பில் படுகிறது, அங்கிருந்து எங்கே தெறிக்கிறது, ஒளி தரும் பொருளை எட்டுகிறதா என்று பின்தொடர்கிறார்கள். உண்மையில் ஒளி விளக்கிலிருந்து கண்ணுக்கு வருகிறது. ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் கதிர்களில் மிகச் சிலவே கண்ணை அடைவதால், கண்ணிலிருந்து பின்னோக்கித் தேடுவதே சிக்கனமானது.

1920 × 1080 திரையில் பிக்சலுக்கு ஒரு பாதை என்று வைத்தாலே, நொடிக்கு 60 படங்களுக்கு 12 கோடியே 44 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதைகள் தேவை. ஒவ்வொரு பாதையிலும் பல தெறிப்புகள். அப்படியும் பிக்சலுக்கு ஒரு பாதை போதாது. தெறிக்கும் திசை குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுவதால், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வெவ்வேறு விடையைத் தந்து, படம் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த இரைச்சலைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு பாதைகள் தேவை என்பது புள்ளியியல் விதி. ஆகவே பாதைகளைக் கூட்டுவதற்குப் பதில், முந்தைய படங்களின் விடைகளையும் அண்டைப் பிக்சல்களின் விடைகளையும் சேர்த்துச் சராசரி காணும் இரைச்சல் நீக்கியைப் பயன்படுத்துகிறார்கள். விளக்கு சட்டென அணையும்போது வெளிச்சம் ஒரு கணம் தங்கித் தேய்வதுபோல் சில நேரம் தெரிவது இதன் பக்கவிளைவு.

இன்னொரு சிக்கல் தொழில்நுட்பத்தைத் தாண்டியது. 1997இல் அறைகளை வடிவமைத்தவர்கள் தங்கள் முறைக்கு ஏற்றவாறு ஒளியை வைத்தார்கள். கதிரைப் பின்தொடரும் எஞ்சினுக்கோ, சுவரில் வரைந்த விளக்குப் படம் வெறும் படமா, உண்மையில் ஒளிர்வதா என்று தெரியாது. எந்தப் பரப்பு ஒளி தரும், எது உலோகம்போல் பளபளக்கும், எது சொரசொரப்பானது என்பதை மனிதர்கள் ஒவ்வொன்றாகக் குறித்துத் தர வேண்டும். ஒளியின் விதிகளைக் கணினியிடம் விட்டாலும், விளக்கை எங்கே வைப்பது என்ற முடிவு வடிவமைப்பாளரிடமே இருந்தது.

2022 டிசம்பரில் வந்த 'போர்ட்டல் வித் ஆர்.டி.எக்ஸ்' இதே வழியில் மற்றுமொரு முயற்சி. 2007ஆம் ஆண்டு விளையாட்டின் கட்டளைகளை இடைமறித்து, காட்சியைப் பாத் டிரேசிங் முறையில் மறுபடி வரைகிறது.

வெளிச்சம் மாறினால் விளையாட்டும் மாறும்

ஒளியமைப்பைத் திருத்துவது எப்போதும் மேம்படுத்துவதாகுமா? இரண்டு நிகழ்வுகள் இக்கேள்விக்கு விடை காண உதவும்.

முதலாவது, 2004 ஆகஸ்டில் வந்த 'டூம் 3'. அதன் அறைகளும் தாழ்வாரங்களும் இருள் சூழ்ந்தவை. விளையாடுபவரிடம் டார்ச் விளக்கு உண்டு, ஆனால் டார்ச்சைக் கையில் எடுத்தால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. பார்ப்பதா, சுடுவதா என்று ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்க வேண்டும். அவ்விளையாட்டின் அச்சம் இந்தத் தேர்வில்தான் இருந்தது. விளையாட்டு வெளிவந்த சிறிது காலத்திலேயே, டார்ச்சைத் துப்பாக்கியில் ஒட்டுநாடாவால் கட்டியதுபோல் காட்டும் 'டக்ட் டேப்' மோட் வந்தது. பலர் அதை விரும்பி நிறுவினர். 2012இல் வந்த மறுவெளியீட்டில் நிறுவனமே ஆயுதத்தோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய விளக்கைத் தந்தது. விளையாடுவது எளிதானது, ஆனால் அந்தப் பழைய தேர்வு மறைந்துவிட்டது. இரண்டில் எது சிறந்தது என்பதில் விளையாடுபவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

இரண்டாவது, 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்'. 2004இல் வந்த மூலப் பதிப்பில் தொலைவில் உள்ளவை மங்கலான புகைமூட்டத்தில் மறைந்திருக்கும். அக்காலக் கருவிகளால் தொலைதூரத்தை வரைய முடியாததால் வந்த ஏற்பாடு அது. ஆனால் அந்த மூட்டமே நகரங்களுக்கு ஒரு நிறத்தையும், ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருப்பது போன்ற உணர்வையும் தந்தது. 2021 நவம்பரில் வந்த மறுபதிப்பில் புதிய ஒளியமைப்பு வந்தது, மூட்டம் குறைந்தது. உயரத்தில் ஏறி நின்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரிந்தது. பெரிய மாநிலமாகத் தோன்றிய இடம் சிறு தீவாகச் சுருங்கிவிட்டது என்று பலர் குறைகூறினர். ஆர்வலர்கள் பழைய மூட்டத்தை மீட்கும் மோட்களை எழுதினர். 2024 நவம்பரில் வந்த மேம்படுத்தலில் மூலப் பதிப்பின் வானத் தோற்றத்தை மீட்கும் ஒளியமைப்புத் தேர்வு அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது.

தெளிவு கூடுவதும் படம் சிறப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. இருளும் மூட்டமும் சில விளையாட்டுகளில் குறைகள் அல்ல, அவற்றுக்கென ஒரு வேலை இருக்கிறது. எந்த வழியே போக வேண்டும் என்பதைக்கூட வடிவமைப்பாளர்கள் வெளிச்சத்தால் காட்டுவது உண்டு. வழி உள்ள கதவின்மேல் விளக்கு எரியும், மற்ற இடம் நிழலில் இருக்கும். எல்லா இடத்தையும் ஒரே அளவில் பளிச்சென்று ஆக்கும் மோட் இந்த வழிகாட்டலை அழித்துவிடும்.

நிறுவுவதற்கு முன்

முதலில் திரையின் பிரகாசத்தையும் விளையாட்டின் காமா அமைப்பையும் சரிபார்க்க வேண்டும். திரைக்கு அனுப்பும் எண்ணும் வரும் வெளிச்சமும் நேர்விகிதத்தில் இருப்பதில்லை. 255இல் 128 என்ற மதிப்பு, முழு வெளிச்சத்தில் பாதியை அல்ல, சுமார் 22 விழுக்காட்டையே தருகிறது. இந்த அமைப்பு பிசகியிருந்தால் இருண்ட பகுதிகள் முழுக்கறுப்பாகவோ, வெளிறியோ தெரியும். சில நேரங்களில் மோட் தேடுவதற்குக் காரணமே இதுவாக இருக்கும்.

விளையாட்டுக் கோப்புறையையும் சேமிப்புக் கோப்புகளையும் நகலெடுத்து வைத்த பிறகே மோட்டை நிறுவ வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மோட் மட்டுமே சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஒரே அறையின் விளக்குகளை இரண்டு மோட்கள் மாற்றினால் அவை ஒன்றோடொன்று மோதும்.

பலர் சேர்ந்து இணையவழி ஆடும் விளையாட்டுகளில் மோட்களைத் தவிர்ப்பது நல்லது. இருளில் ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கும் மாற்றம் மற்றவர்களுக்கு அநீதி. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அதைக் கண்டறிந்து கணக்கை முடக்கவும் கூடும். ரீஷேட் கருவி, இணையவழிப் போக்குவரத்தைக் கண்டால் ஆழப் பட்டியலைப் படிப்பதைத் தானாகவே நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

கைப்பேசியில் 'மோட் ஏ.பி.கே.' என்ற பெயரில் உலவும் கோப்புகளை இக்கட்டுரையில் சொல்லும் மோட்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றில் பல, கட்டணச் செயலிகளின் பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகப் பரப்பப்படுபவை. தகவல் திருடும் நிரல்கள் அவற்றில் ஒளிந்திருக்கலாம். மோட்டை அதை எழுதியவரின் பக்கத்திலிருந்தோ, நன்கு அறியப்பட்ட மோட் தளத்திலிருந்தோ மட்டுமே பதிவிறக்க வேண்டும்.

மோட்டை மதிப்பிடுதல்

ஒரு மோட்டின் விளம்பரப் படம் அழகாக இருப்பது போதாது. நின்ற இடத்தில் எடுத்த படத்தில் குறைகள் தெரிவதில்லை. பின்வருவனவற்றைத் தானே சோதித்துப் பார்ப்பது நல்லது.

நிழல்கள் அனைத்தும் ஒளி வரும் திசைக்கு எதிர்ப்புறம் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு விளக்கை நோக்கி நடந்து சென்று, வெளிச்சம் சீராகக் கூடுகிறதா, படிப்படியாகத் தாவுகிறதா என்று கவனிக்கலாம். நடந்துகொண்டே தலையைத் திருப்பும்போது பிம்பமோ நிழலோ திடீரென மறைகிறதா என்பதையும் பார்க்கலாம். வெயிலிலிருந்து இருண்ட அறைக்குள் நுழைந்ததும் பொருள்கள் அடையாளம் தெரிகின்றனவா என்பது முக்கியம். நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று மோட் இல்லாமலும் இருந்தும் ஒரே இடத்தில் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். 60இலிருந்து 30ஆகக் குறைந்தால், ஒரு படத்துக்கு ஆகும் நேரம் 16.7இலிருந்து 33.3 மில்லி நொடியாக உயர்ந்துவிட்டது என்று பொருள்.

கடைசியாக, ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு மோட்டை நீக்கிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று பார்க்க வேண்டும். மூலப் பதிப்பில் இருந்த ஏதேனும் ஒன்று, எடுத்துக்காட்டாக ஓர் அச்சமோ, மாலைநேர மஞ்சளோ, வழிகாட்டிய விளக்கோ, மோட்டில் காணாமல் போயிருந்தால் அது அப்போது தெரியவரும். அதை இழந்தாலும் பரவாயில்லையா என்று விளையாடுபவர் தாமே முடிவு செய்துகொள்ளலாம்.